மேடையேறிய காவடி

கொடைக்கானல், வெள்ளிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

தேவசேனா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், கோபம்தான் ஆறவில்லை.

இங்கே பல்சுவைப் போட்டிக்கு நான் நடுவர் என்று தெரிந்ததும், எனக்குப் பேசி வைத்திருக்கும் அத்தை மகன் பொன்னுவேலை அனுப்பிவிட்டீர்கள். நம் கடையில் வாடகைக்கு விடும் காவடியையும் கொடுத்திருக்கிறீர்கள். விரதமில்லை, வேண்டுதலில்லை, காலில் ஷூவோடு ஆடினான். எனக்குப் பழனிக்காரி புத்தி. காவடியைக் கண்டதும் எழுந்து கைகூப்பி, "அரோகரா!" என்றுவிட்டேன். அரங்கமே எழுந்தது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மேஜிக் செய்த பெண் சண்டைக்கு வந்தாள்: "நடுவரு தனக்கு மொறப்பொண்ணுன்னு அந்தக் காவடிக்காரரு சொன்னாரு. சொந்தக்காரவுகன்னா கும்பிடு வேற போடுவீங்களோ?"

"கும்பிடு காவடிக்கு. மார்க்கு ஆளுக்கு" என்று சொல்லி அவனுக்கு முட்டை போட்டேன்.

அத்தை அழுகிறார்களாம். அழட்டும். கல்யாணப் பேச்சை இதோடு விடுங்கள்.

மழையும் குளிருமாக இருக்கிறது. பள்ளி விடுதியில் சேர்ந்து சாப்பிட ஆளில்லை. என் பச்சை ஸ்வெட்டரும் கொஞ்சம் விபூதியும் வேண்டும். அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள். மீதிச் சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம்.

மணி அடித்துவிட்டது, பாடம் நடத்தப் போகிறேன்.

தேவசேனா