மீதி முப்பது வீடு

கீழச்சேந்தங்கரை,
குடவாசல் வட்டம்.
9.6.2025

அன்புள்ள தம்பி இளவழகனுக்கு,

அக்கா அம்சவல்லி எழுதுவது. இங்கே உன் மாமாவும் மதிவதனியும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சென்னையில் நீயும் அனுசுயாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதம் என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போதாவது படிப்பாய்.

பன்னிரண்டாம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்களாம். உன் மாமா குத்தகை நிலத்தில் குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருக்கிறார். மதிவதனி ஒன்பதாவது போகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதினால்தான் எனக்கே தெளியும். புயலில் நம் வடக்குத் தெருவில் நாற்பது வீடும் போயிற்று. பொங்கலன்று உங்கள் சேனல் நடத்திய 'உறவுக்கரம்' நிகழ்ச்சியில் நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்து நான் மேடையேறிப் பேசினேன். நீ கூப்பிட்டாய், வந்தேன். நடிகர் வளவன் என் தோளில் கைவைத்து நின்றார். சிமெண்ட் கம்பெனி முதலாளி கதவு அகலத்துக்கு ஒரு செக் அட்டையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கோடி. வீட்டுக்கு ஐந்து லட்சம், நாற்பது வீடு என்று மைக்கில் சொன்னார். ஊரே கேட்டது.

பத்து வீடு கட்டி முடித்தார்கள். அதில் முதல் வீடு என்னுடையது. சித்திரையில் மேஸ்திரி கலவை மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. மற்ற முப்பது குடும்பமும் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான்.

நேற்று ரேஷன் கடையில் பக்கத்து வீட்டு சௌந்தரநாயகி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "டிவியில அழுதது நீ. செக்கு வாங்கினது நீ. முதல் வீட்டுல குடியேறினதும் நீ. காசு எங்கேன்னு உன்னைக் கேக்காம யாரைக் கேக்கறது?"

எனக்கும் தெரியாதே. அந்த அட்டையைக்கூட அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா? அதில் ஒரு பிரதி அனுப்பு. தெருவில் படித்துக் காட்டிவிடுகிறேன். வேறொன்றும் வேண்டாம்.

அன்புள்ள அக்கா,
அம்சவல்லி


சென்னை,
27.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நீ சொன்னபடியே பஸ்ஸில்தான் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவனை இந்த மாதம் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். 'உறவுக்கரம்' நன்றாகப் போனதுதான் காரணம் என்று மேலாளரே சொன்னார். அனுசுயாவுக்கு இது ஐந்தாவது மாதம். போனில் சொல்லியிருக்க வேண்டும். நீ கோபித்துக்கொள்ளாதே.

வீட்டு விஷயம். கம்பெனிகள் ஒரே தடவையில் கொடுப்பதில்லை அக்கா. கட்டம் கட்டமாகத்தான் வரும். முதல் கட்டம் முடிந்திருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு அவர்கள் போர்டில் அனுமதி வாங்க வேண்டும். பட்டியல் எல்லாம் எங்கள் அறக்கட்டளைப் பிரிவில் இருக்கிறது, என் கையில் இல்லை. சௌந்தரநாயகி சித்தியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால் பேசாதே. அது யாருக்கும் நல்லதில்லை.

அன்புத் தம்பி,
இளவழகன்


கீழச்சேந்தங்கரை,
24.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அனுசுயாவைக் கவனமாகப் பார்த்துக்கொள். கடைசி மாதத்தில் கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டு. பிரசவத்துக்கு நான் வருகிறேன். வயல் வேலையைக் காரணம் சொல்லமாட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி ஒன்பது நாளாகிறது. ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்க மறுக்கிறார்கள். உன் மாமா நெல்லோடு நெல்லாக அங்கேயே கிடக்கிறார்.

நீ இரண்டாம் கட்டம் என்று எழுதியதை நம்பி நான்கு மாதம் எல்லாரிடமும் அதையே சொன்னேன். இப்போது தெருவில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால், "வந்துட்டாங்க இரண்டாம் கட்டம்" என்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். முன்பு திட்டினார்கள். திட்டியபோது இவ்வளவு வலிக்கவில்லை.

மழை பெய்தால் என் வீட்டில் பதினேழு பேர் படுக்கிறோம். சௌந்தரநாயகியின் மருமகள் கைக்குழந்தையோடு வருகிறாள். சௌந்தரநாயகி மட்டும் வருவதில்லை. தார்ப்பாய்க்குள் நாற்காலி போட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்க் கூப்பிட்டேன். "உன் வீட்டுல தலை சாய்ச்சா அப்புறம் உன்னைக் கேள்வி கேக்க முடியாதுடி. கேக்கறதுக்கு ஒருத்தியாவது வேணும்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடத்தில் நான் இருந்தால் நானும் வந்திருக்கமாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை நாள் சொல்லவில்லை. நிகழ்ச்சியன்று நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மேக்கப் அறையில் இருந்த பெண் பழைய புடவை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னாள். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "அழுகை வந்தா அடக்காதக்கா, வர்றபடி விட்டுடு" என்றாய். உனக்காகத்தான் அழுதேன் தம்பி. என் வீட்டுக்காக நான் அழுது முடித்து அதற்குள் ஒன்றரை மாதமாகியிருந்தது.

களைப்பாக இருக்கிறது. உண்மை என்னவோ அதை மட்டும் எழுது. நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

அக்கா


சென்னை,
8.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரசவத்துக்கு வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனாய். குழந்தையைக் குளிப்பாட்டினாய், அனுசுயாவுக்குப் பத்தியச் சாப்பாடு செய்தாய். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்பாய் என்று நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தேன். கேட்காமல் ரயில் ஏறியது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் கட்டம் என்று ஒன்று இல்லை.

இரண்டு கோடியில் கம்பெனி பணமாகக் கொடுத்தது ஐம்பது லட்சம். அந்தப் பத்து வீடு அதுதான். அறுபது லட்சத்துக்கு சிமெண்டாகக் கொடுத்தோம் என்று கணக்கு. கடை விலைக்கு மதிப்புப் போட்டிருக்கிறார்கள். லாரி எண்கூட எழுதியிருக்கிறது, ஆனால் எந்த ஊரில் இறக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மீதித் தொண்ணூறு லட்சம் விளம்பரம். எட்டு மணி நேரம் திரையின் மூலையில் அவர்கள் பெயர் ஓடியது அல்லவா, அதற்குச் சேனலுக்குத் தர வேண்டிய கட்டணத்தையும் நன்கொடையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம். நடிகர் வளவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முழுதாக வந்து சேர்ந்தது வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் போனிலிருந்து அனுப்பிய பணம்தான். ஐம்பதும் நூறுமாக முப்பத்தொரு லட்சம், புயல் அடித்த எல்லா ஊருக்குமாக. நம் தெருவுக்கு வந்த தார்ப்பாயும் அரிசியும் அவர்கள் கொடுத்தது.

இதை யாரிடமும் காட்டாதே. வெளியே போனால் நான்தான் சொன்னேன் என்று உடனே தெரிந்துவிடும்.

இதற்குமேல் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். வரும் பொங்கலுக்கு மறுபடி 'உறவுக்கரம்'. அதே கம்பெனிதான் முக்கிய ஆதரவு. 'ஓராண்டுக்குப் பின்' என்று உன் வீட்டைப் படமெடுக்க வருகிறார்கள். கேமராமேன் அன்சார் நல்ல மனிதர். கம்பெனியிலிருந்து ராகுல் என்று ஓர் அதிகாரி கூட வருவார். வீட்டைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஒரு தடவை.

தம்பி,
இளவழகன்


கீழச்சேந்தங்கரை,
17.1.2026

தம்பி இளவழகனுக்கு,

குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தது என்று அனுசுயா சொன்னாள். இப்போது குறைந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

படமெடுக்க வந்த அன்றைக்கு நீ வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். ராகுல் என்ற பையன் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, கதவைத் திறந்து உள்ளே போற மாதிரி ஒரு ஷாட், அப்புறம் அடுப்பு பத்தவைக்கிற மாதிரி ஒண்ணு" என்றார். செய்தேன். பிறகு, "வாங்க தம்பி, தெருவையும் பார்த்துட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு தார்ப்பாய்க்குள்ளும் குனிந்து நுழைய வைத்தேன். பத்தாவது தார்ப்பாயோடு அவர் நின்றுவிட்டார். போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டு கார் பக்கம் போனார். அன்சார் நிற்கவில்லை. முப்பதையும் எடுத்தார். சௌந்தரநாயகி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

கடைசியில் என் வாசலில் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "கம்பெனிக்காரங்க பத்து வீடு கொடுத்தாங்க. நல்ல வீடுதான். மீதி முப்பது எங்கேன்னு அவங்கதான் சொல்லணும். சொன்னா எல்லாருமா சேர்ந்து நன்றி சொல்லுவோம்."

பொங்கலன்று பஞ்சாயத்து டிவியில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. டிவியில் நான் சொன்னது இது: "கம்பெனிக்காரங்க வீடு கொடுத்தாங்க. நல்ல வீடுதான். எல்லாருமா சேர்ந்து நன்றி சொல்லுவோம்." என் வாய், என் குரல். எல்லாரும் கை தட்டினார்கள், அங்கே அரங்கத்தில். இங்கே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சௌந்தரநாயகி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ பேசினப்ப நான் அங்கதானே நின்னேன். எனக்குத் தெரியும் விடு" என்றாள். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

யார் வெட்டினார்கள் என்று கேட்கமாட்டேன். அங்கே எத்தனையோ பேர் வேலை செய்வார்கள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி திங்கட்கிழமை திருவாரூருக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். மதிவதனி எழுதிக் கொடுத்தாள். அறிவித்த தொகை என்ன, வந்தது என்ன, பட்டியலை வாங்கிக் கொடுங்கள் என்று அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து நான். வேறு யார் மூலமாவது உனக்குத் தெரியவருவதைவிட நானே சொல்வது முறை என்று எழுதுகிறேன்.

நீ டிசம்பரில் எழுதிய கடிதத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. உன் மாமாவுக்குக்கூட. நீ வேண்டாம் என்றாய். மனுவில் சேனல் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை.

உன்னைப் படிக்க வைத்தேன் என்பதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அம்சவல்லி


சென்னை,
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

வெட்டியது நான்தான். அன்சார் நாற்பத்தேழு நிமிடம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் அதை ஒரு நிமிடம் பத்து நொடி ஆக்கினேன். பேச்சில் மூச்சு விடும் இடமாகப் பார்த்து வெட்டினால் தெரியாது. அது எனக்கு நன்றாக வரும். அதற்குத்தான் சம்பளம்.

மேலிடத்து உத்தரவு என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் யாரும் வெட்டச் சொல்லவில்லை அக்கா. சொல்வார்கள் என்று நானே வெட்டிவிட்டேன். போட்டுப் பார்த்த மேலாளர், "அருமை, உங்க அக்கா நல்லா பேசறாங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

இந்தக் கடிதத்தோடு ஒப்பந்தத்தின் பிரதியும் செலவுப் பட்டியலும் இருக்கின்றன. மொத்தம் பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டிசம்பர் கடிதத்தையும் சேர்த்தே கொடு. பென் டிரைவில் நாற்பத்தேழு நிமிடமும் இருக்கிறது. அன்சாரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "எடுத்தது நான்னு தாராளமா சொல்லுங்க" என்றார்.

அனுசுயாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். முழுதும் மடித்து முடித்த பிறகு, "வேலை போனாலும் கையில இருக்கிறது வாடகைக்கு மூணு மாசம் தாங்கும்" என்றாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான்.

இதனால் முப்பது வீடும் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதற்குப் பதிலாவது கிடைக்கட்டும். சௌந்தரநாயகி சித்தி என்னைப் பார்த்ததும் என்ன கேட்டாலும் கேட்கட்டும், நீ குறுக்கே பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். திங்கட்கிழமை உங்களோடு வரிசையில் நிற்பேன். மனுவில் என் பெயருக்கும் ஓர் இடம் விட்டு வை. கையெழுத்தை அங்கே வந்து போடுகிறேன். முகவரி கேட்டால் சேனல் முகவரி வேண்டாம். வடக்குத் தெரு, கீழச்சேந்தங்கரை என்றே எழுதச் சொல்.

தம்பி,
இளவழகன்