கிடங்கல் ஏரி நாணல்

வீட்டுக்காரருக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று நேற்று முடிவெடுத்த ராஜாமணி எழுதுவது. சோறும் மல்லாட்டைக்கடலைத் துவையலும் மூடி வைத்திருக்கிறாள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜெயம் அக்காவிடம் கொடுங்கள்.

"மேனேஜர் வர்ற வூட்டுல காட்டுப்புல்லு இன்னாத்துக்கு?" என்று வாசலில் இருந்த நாணலை வேரோடு பிடுங்கி, ஜெயம் அக்கா மாட்டுக்குப் போட்டுவிட்டு, குரோட்டன்ஸ் தொட்டி வைத்தீர்களே, கெட்டிக்காரர்! காலையில் உங்கள் மேனேஜர் வீட்டம்மா கோயிலில் சொன்னார்: "சாயங்காலம் வர்றதே உங்க வெள்ளைப் பூப்புல்லைப் பாக்கத்தாங்க. எனக்கும் ஒரு தூர் வேணும்."

நாணல் கடையில் கிடைக்காது. கிடங்கல் ஏரிக்கரை ஈரத்தில்தான் தூர் தூராக நிற்கிறது. ராஜாமணி திண்டிவனம் பஸ் ஏறிவிட்டாள். நாலு மணிக்குள் இரண்டு தூரோடு வருவாள். அதற்குள் பழைய குழியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். உங்கள் குரோட்டன்ஸ் வாடினாலும் பரவாயில்லை.

பி.கு.: கல்யாணமான புதிதில் அந்தக் கரையில் நின்று, "இன்னா அழகு!" என்றீர்கள். புல்லைத்தான் சொல்கிறீர்கள் என்று நம்பி அதைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள், பைத்தியக்காரி. அவளைத்தான் சொன்னீர்கள் என்றால், நாலு மணிக்காவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.