உன் பெயரில் திறந்த லேப்டாப்

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தால், லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் கறுப்புத் திரை வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. சார்ஜ் ஏறவில்லை என்று நேற்றுதான் பஜாரில் ஒரு கடையில் கொடுத்து வாங்கியிருந்தேன். லினக்ஸைக் காணோமே என்று, கடை திறக்கும்வரை பொறுக்காமல் கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"அதுவா மேடம்? இன்னாவோ வேஸ்ட்டா எடத்த அடைச்சிட்டு இருந்துச்சு, அழிச்சிட்டேன். இனி ஃப்ரீயா இருக்கும், பாருங்க" என்றான், பெரிய உபகாரம் செய்தவன் போல.

வேஸ்ட்டாம்! யாரைக் கேட்டு அழித்தான்? சார்ஜ் ஏறும் இடத்தைச் சரிபார்க்கக் கொடுத்தால், உள்ளே புகுந்து உன்னை அழிப்பதா? கத்தித் தீர்த்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உனக்குப் புரியும். மாரிகுப்பம் ரயிலில் எட்டு வருஷம் என் எதிர் சீட்டில் வந்தவள் நீ. இந்த லேப்டாப் திறப்பதற்குள் பங்காருபேட்டையே வந்துவிடுகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடு ஊரிகத்தில் என் வீட்டுக்கு வந்தாய். ஆபீஸ் வேலையெல்லாம் விண்டோஸில்தானே, அது போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

"இன்னாடி பயம்? நம்ம லைன் வீடு மாதிரிதான். ஒரே கூரை, நடுவுல ஒரு சுவரு. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் இவங்க."

டிஸ்க் முழுவதையும் அழிக்கும் வரியை விட்டு, பழசுக்குப் பக்கத்திலேயே நிறுவும் வரியை என் விரலைப் பிடித்து அழுத்த வைத்தாய். அவ்வளவு கவனமாக இருந்தவள், பெயர் கேட்ட கட்டத்தில் பேச்சு சுவாரஸ்யத்தில் உன் பெயரையே அடித்துவிட்டாய். "லேப்டாப் என்னுது, பேரு உன்னுதா?" என்று சண்டை போட்டேன்.

"அப்புறம் மாத்திக்கலாம், வுடுடி."

மாற்றினாயா? நீயும் லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டேன், ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றாய். ஒரு வாரம் நீயே இல்லை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்த மறுநாள் லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் உன் பெயர். அழுதேன். அதன் பிறகு மாற்ற மனம் வரவில்லை. தினமும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன். அதைத்தான் அவன் வேஸ்ட் என்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல் காலி செய்திருக்கிறான். நினைக்க நினைக்க இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபீசுக்கு லீவு போட்டேன். உன் பென் டிரைவ் என் சாப்பாட்டுப் பையின் அடியில், எலுமிச்சை ஊறுகாய் வாசனையோடு கிடந்தது. துடைத்துச் சொருகினேன். விரலைப் பிடிக்க ஆளில்லை. அந்த இரண்டு வரிகளையும் மூன்று முறை படித்துவிட்டு, பக்கத்தில் நிறுவும் வரியை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில், உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

இந்த முறை பேச்சு சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை. தெரிந்தேதான் உன் பெயரை அடித்தேன்.