முட்டை போடாத ஸ்கோன்

இன்று காலை வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். நீங்கள் செய்வதுபோல முதல் நாளே துண்டு போட்டு ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வாசம் வந்ததும் என்னையறியாமல் பின்கட்டுக் குழாயடிப் பக்கம் பார்த்துவிட்டேன், நீங்கள் கை கழுவிக்கொண்டு வருகிறீர்களா என்று. வெள்ளிக்கிழமைகளில் இந்த வாசம் வந்தால் அடுப்படி உங்களுடையது. நான் வாசற்படியில் நின்று வாய் மட்டும் பேசலாம், கை வைக்கக் கூடாது.

நாளை உங்களுக்கு முதல் வருஷத் திதி. உங்கள் தங்கை நேற்றே வந்துவிட்டாள். வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, இலையில் ஸ்கோனும் வைக்கப்போகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

"வெள்ளக்காரன் பலகாரத்த யாராச்சும் படையல்ல வைப்பாங்களா அண்ணி?"

"உங்க அண்ணன் அத வெள்ளக்காரன்கிட்ட கத்துக்கல. லோரி ஓட்டிக் கத்துக்கிட்டாரு" என்றேன். அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

பொய்யா சொன்னேன்? கேமரன் மலையிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ காய்கறிப் பசாருக்கு இறங்குகிற வேலைதானே உங்களுக்கு. ஒருநாள் மலையில் மழை பிடித்துக்கொள்ள, சாலையோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கியிருக்கிறீர்கள். அங்கே தின்ற ஸ்கோனில் ஒன்றை எனக்கென்று தாளில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். வீடு வருவதற்குள் அது பாதி தூளாகியிருந்தது. தின்று பார் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது இனிப்பு குறைந்த பன் மாதிரிதான் இருந்தது. உங்களுக்கோ அதைச் செய்யாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

முதல் தடவை நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாவு என்றால் உங்களுக்குத் தெரிந்தது பரோட்டா மாதிரி வீசுகிற ரொட்டி சானாய் மாவுதான். அடித்து, இழுத்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுட்டீர்கள். வெளியே வந்ததைக் கடித்துப் பார்த்த உங்கள் மகள், அப்பா இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றாள். அடுத்த வாரம் வெண்ணெய்க்குப் பதில் நெய். நெய் வீடெல்லாம் மணந்தது, ஸ்கோன் மட்டும் தட்டோடு தட்டாகப் படுத்துக்கொண்டது. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார். நீங்கள் அப்போதுதான் சாமான்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள்.

மாவை நம் முனைக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் புது மூட்டை பிரிக்கிற நாளாகப் பார்த்து வாங்குவீர்கள். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அவரையும் முகரச் சொல்வீர்கள். பேக்கிங் பவுடரைச் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, நுரைத்துப் பொங்கினால்தான் டின் வீட்டுக்குள் வரும். மார்ஜரினை நான் எவ்வளவோ சிபாரிசு செய்தேன். அது வாயில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது என்று ஒதுக்கிவிட்டீர்கள். திராட்சை, பாயசத்துக்கு வாங்குகிற அதே திராட்சைதான், ஆனால் தேத்தண்ணீரில் ஊறவேண்டும். கிரீமுக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது, தினமும் காய்ச்சுகிற பாலின் ஆடையை எடுத்துச் சேர்த்து வைக்கச் சொன்னீர்கள். அது மட்டும் என் பொறுப்பு. ஜாம், மலையிலிருந்து உங்களோடு லோரியில் இறங்கிவரும்.

பால் மட்டும் பக்கத்துப் புந்தோங்கிலிருந்து வருகிற மாட்டுப் பால். மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறவரிடம் தண்ணீர் கலக்காததாகக் கேட்டு வாங்கி, அதில் எலுமிச்சை பிழிந்து, திரியும்வரை பக்கத்திலேயே நிற்பீர்கள். எவ்வளவு பிழிய வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஆசிட் ஊத்தி ரப்பர் பால் ஒறையறதப் பாத்து வளந்தவன் நான். பால்மரத்துப் புள்ளைக்கு இதச் சொல்லித் தரணுமாலா?" என்றீர்கள். பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உங்கள் அம்மா பால் வெட்டிய கதையை நீங்கள் என்றைக்கும் தணிந்த குரலில் சொன்னதில்லை.

முட்டை சேர்க்காததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் முட்டை உடைப்பதில்லை. அவ்வளவுதான்.

பிறகு மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று பையன் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். மகளும் அந்தப் பையனும் ஒரே பேங்கில் வேலை, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்விட்டது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லை. எனக்கோ கை கால் ஓடவில்லை. டவுனில் பெரிய கடையில் கேக் வாங்கி வைத்துவிடுவோம் என்றேன்.

"கடையில வாங்கி வெச்சா அவங்க கடையத்தான் பாப்பாங்க. நம்ம வீட்டப் பாக்கத்தானே வர்றாங்க?" என்றீர்கள்.

சரி, ஸ்கோனே இருக்கட்டும், ஆனால் யார் கேட்டாலும் மகள் செய்தது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். பெண் பார்க்க வந்தால் வீட்டிலிருக்கும் அத்தனை பலகாரமும் பெண் செய்ததுதான். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எந்தப் பக்கம் ஆட்டினீர்கள் என்று நான் சரியாகப் பார்க்காமல் விட்டேன்.

வந்தார்கள். பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா கஞ்சி போட்ட சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார். தட்டைத் தொடவில்லை. மனதுக்குப் பிடிக்காத வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா? நேரம் போகப் போக மகளின் முகம் வாடிவிட்டது. கேக் வாங்கியிருக்கலாமே என்று உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அவர் மெதுவாகக் கேட்டார். "குறை நினைக்காதையுங்கோ. இதிலை முட்டை போட்டிருக்கோ? இண்டைக்கு எனக்கு விரதம்."

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். முட்டை இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நீங்களா முடிப்பீர்கள்? மாவு எந்த மூட்டை, பால் யார் வீட்டு மாட்டுப் பால், ஆடை சேர்த்தது யார் என்று ஒன்று விடாமல் சொன்னீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றை எடுத்துப் பிட்டு, பாலாடை தடவி வாயில் வைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"நல்லா இருக்கு. பிள்ளை செய்ததோ?"

நான் கண்ணைக் காட்டினேன். நீங்கள் என்னைப் பார்க்கத்தான் செய்தீர்கள். பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"இல்லீங்க, நான்தான் செஞ்சேன். லோரி ஓட்டுற கை, நல்லா கழுவிட்டுத்தான் செஞ்சேன். மகளுக்கு இது வராது. அவளுக்கு வேற நெறையா வரும்."

யாழ்ப்பாணத்தார் நம்மைப் பற்றி ஒரு தலைமுறைக்கு முன் பேசிய பேச்செல்லாம் என் காதில் கேட்டது, தோட்டத்துச் சனம், கூலிக்காரச் சனம் என்று. மகள் உள்ளே ஓடிவிடுவாள் என்று பயந்தேன். அவள் ஓடவில்லை. கையிலிருந்த தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அந்த அம்மா உங்களையும் அவளையும் பார்த்தார். "எங்கடை வீட்டிலை ஆம்பிளையள் தேத்தண்ணி கூடப் போடமாட்டினம். இவனுக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ" என்று மகனைக் காட்டிச் சொல்லிவிட்டு, இன்னொன்றை எடுத்தார். மதியம் நம் வீட்டில் இலை போட்டு, காய்கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அவர்கள் கார் திரும்பியதும் நான் உங்களைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிக்கொடுத்த ஒரு பொய்யைக்கூடச் சொல்லத் தெரியாதா, காரியம் கெட்டிருந்தால் என்ன ஆவது என்று பொரிந்து தள்ளினேன். நீங்கள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். திட்டினேனே தவிர, அந்த நேரம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லவில்லை. அப்புறமும் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. கலியாணம், பேரன், உங்கள் நெஞ்சுவலி என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது சொல்கிறேன். அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மாதிரி நான் என் வாழ்நாளில் எங்கும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

போன வாரம் மகள் போன் செய்தாள். இப்போதெல்லாம் ஈப்போவிலேயே நல்ல ஸ்கோன் கிடைக்கிறதாம், வாங்கி வருகிறாளாம். வேண்டாம் என்றுவிட்டேன். தவுக்கேயின் மகனை மூட்டை பிரிக்க வைத்து மாவு வாங்கினேன். அவன் முகர்ந்தும் பார்த்தான். பாலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆடை ஒரு கிண்ணம் சேர்ந்திருக்கிறது. சம்பந்தியம்மா காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரே கவலை, இந்த மாவில் நான் இதுவரை கை வைத்ததில்லை. உங்கள் முதல் தடவை மாதிரியே ஆகிவிடலாம். ஆகட்டும். யார் செய்தது என்று சம்பந்தியம்மா கேட்டால் நான்தான் என்று சத்தமாகச் சொல்வேன். இலையில் முதலில் அதைத்தான் வைப்பேன். கல் மாதிரி இருந்தால் தேத்தண்ணீரில் முக்கிச் சாப்பிடுங்கள்.