பம்புக்குப் போர்த்திய பொன்னாடை

22 செப்டம்பர் 2025
இன்றும் பம்ப் உதறியது. திரவ நைட்ரஜனை டேங்கிலிருந்து பிஸ்டன் இழுக்கும்போதெல்லாம் குழாயில் அழுத்தம் ஏறி இறங்குகிறது; குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் எல்லாம் கடகடக்கிறது. அதிர்வை வாங்க நான் வைத்த ரப்பர் பை அந்தக் குளிரில் அப்பளமாக நொறுங்கிப்போனது. ஆஷிகா — வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் — "ரப்பரே வேணாம் சார். குழாய் மேல ஒரு பாத்திரத்தை நிறுத்துவோம். நைட்ரஜன் ஆவியே உள்ள மேல நின்னு மெத்தை மாதிரி அதிர்வ வாங்கிக்கும்" என்றாள். முதலாளி உடனே, "செய்யும்மா."
பதினொரு வருஷத்தில் என்னிடம் ஒருநாள் இப்படிச் சொல்லியிருப்பாரா?

25 செப்டம்பர்
பிளான்ட் இன்சார்ஜ் இடம் காலி. பாத்திரம் வேலை செய்தால் அவளுக்குத்தானாம். வயிறு எரிகிறது.

29 செப்டம்பர்
பாத்திரம் பொருத்தியாயிற்று. கீழே குளிர்காப்பு சுற்றியிருக்கிறது, தலை மட்டும் மொட்டை. வெளிச்சூடு பட்டால்தான் ஆவி ஆவியாக நிற்குமாம். மூடினால் குளிர்ந்து திரவமாகி, மெத்தை போய்விடுமாம். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

1 அக்டோபர்
ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பொரி. புது இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்துவது முதலாளியின் வழக்கம். பாத்திரத்தின் தலையில் தடித்த பொன்னாடையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டினார். ஆஷிகா லீவு போட்டு ஊருக்கு, தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறாள், இருந்திருந்தால் அவிழ்த்திருப்பாள். நான் அவிழ்க்கவில்லை. இரும்புக்குப் பொன்னாடை. எனக்கு ஒரு துண்டாவது உண்டா?

3 அக்டோபர்
சோதனை ஓட்டம். அவள் வந்ததும் நேரே உள்ளே கன்ட்ரோல் பேனலுக்குப் போய்விட்டாள், நான் வெளியே பாத்திரத்துக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு உதறல், முன்னைவிட மோசம். பொன்னாடை பனி பிடித்துப் பலகையாக நின்றது. ஃபோனில் கேட்டாள்: "சார், தலை தொறந்துதானே இருக்கு?"
"தொறந்துதாம்மா இருக்கு."
சொல்லிட்டேன். வாய் கூசல. என்ன மனுஷன்டா நீ?
பம்பை நிறுத்தியதும் முதலாளி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுத் திட்டினார். "படிச்சா மட்டும் போதுமா?" வெளியே வரை கேட்டது. அதற்குள் நான் பொன்னாடையை அவிழ்த்து வண்டிப் பெட்டிக்குள் திணித்துவிட்டேன். அவள் வந்து மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

4 அக்டோபர்
நான்தான் முதலாளியிடம் போய், இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஓடியது. குழாய் அசையவே இல்லை.
"என்ன பண்ணுனீங்க சார்?"
"கிளாம்ப இறுக்குனேன்."
நம்பிவிட்டாள். "நீங்க இல்லன்னா என் வேலையே போயிருக்கும் சார்" என்று கும்பிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதலாளி எல்லார் முன்னாலும், "பெருமாளு, இனிமே நீதான்யா இன்சார்ஜ்" என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முதலில் கை தட்டியது ஆஷிகா.

வீட்டில் இப்போது இரண்டு பொன்னாடை. ஒன்று இன்னும் காயவில்லை.