யாழ்காரனின் காது

9 ஏப்ரல் 1957, செவ்வாய்

பாப்பா மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு. இதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாயிற்று. வருகிறது. ஏழு மாதமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

காலையில் நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில், எட்டாம் அறையில், பழைய மதுக்கலயத்தின் முன் நின்றேன். யாழ் மீட்டும் இளைஞனை வரைந்த கலயம். ஏதென்ஸுக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் போவதில்லை. துண்டுதுண்டாகக் கிடைத்ததை இருபது வருஷத்துக்கு முன் ஒட்டி நிறுத்தினார்கள்.

காது தப்பு.

கலயத்தின் பின்பக்கம் மூன்று ஆட்கள். மூவருக்கும் காது அவரைவிதை மாதிரி. யாழ்காரனுக்கு மட்டும் தூண்டில் முள் மாதிரி. முகத்தை ஓவியன் யோசித்து வரைவான். காதைக் கை தன்போக்கில் போட்டுவிட்டுப் போகும். எண்ணூறு காதுகளைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தலை வேறு ஒருவன் வரைந்தது. வேறு பானையிலிருந்து வந்தது.

12 ஏப்ரல்

பாப்பா இன்னும் தவழவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்கிறான். ஏன்?

30 ஏப்ரல்

பண்டிகை முடிந்து மாமியார் ஆந்த்ரோஸ் தீவிலிருந்து வந்து இறங்கினார், ஒரு டப்பா பாலாடைக்கட்டியோடும் ஞானஸ்நானத்துக்குக் குறித்த தேதியோடும். பத்தொன்பதாம் தேதி, ஞாயிறு.

“எட்டு மாசம் ஆகப்போகுது, இன்னும் பாப்பா பாப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு. ஊர்ல ஆட்டுக்குட்டிக்குக்கூட இதுக்குள்ள பேர் வச்சிருப்பாங்க.”

என்ன பேர் என்று எல்லாருக்கும் தெரியும்: மரூசோ, மாமியாரின் பேர்தான். ஆனால் ஞானத்தாய் கோயிலில் சொல்லும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

3 மே, வெள்ளி

இயக்குநர் கலனாகோஸிடம் சொல்லிவிட்டேன்.

பானைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை காலியாக இருக்கிறது. நானும் விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே எந்தப் பெண்ணிடமும் இதுவரை சாவிக்கொத்து கொடுத்ததில்லை. தேர்வுக்குழுவின் தலைவர் அவரே. யாழ்காரன் முகத்தின் ‘ஆண்மையின் அமைதி’ பற்றிப் பதினொரு பக்கம் எழுதியவரும் அவரே. இதெல்லாம் தெரிந்துதான் போய்ச் சொன்னேனா? ஆமாம், தெரிந்துதான். வேறொருத்தர் கண்டுபிடிக்கட்டும் என்று விட முடியுமா?

“அம்மா அர்கீரோ, ராத்திரி பிள்ளை தூங்கவிடலையோ? காதைப் பார்த்துட்டுத் தலையை வாங்கணும்ங்கறீங்க.”

“உள்பக்கத்தைப் பார்த்தாப் போதும் ஐயா. மதுக்கலயத்துக்கு வாய் அகலம். உள்ளே கறுப்பு மெருகு பூசாம விடமாட்டாங்க. அந்தத் தலை ஏதோ தண்ணிக்குடத்தோடது; அதுக்குக் கழுத்து ஒடுக்கம், உள்ளே யாரு பார்க்கப்போறா? வெறும் மண்தான் இருக்கும்.”

“உள்ளே கறுப்பாத்தானே இருக்கு.”

“அது நம்ம ஆளுங்க அடிச்ச கறுப்பு.”

அந்தக் காலத்தில் ஒட்டுகிறவர்கள் உறுதிக்காக உள்ளே முழுக்கச் சுண்ணம் அப்பி, மேலே கறுப்படித்துவிடுவார்கள். அசலும் தெரியாது, ஒட்டும் தெரியாது.

வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு: “சரி. கழட்டிப் பார்ப்போம். தப்பாப் போச்சுன்னா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கணும். சம்மதமா?”

“சம்மதம்.”

ஊழியர்கள் அதிகம் இல்லாத நாளாகப் பார்த்து அவர் குறித்தது: பத்தொன்பது, ஞாயிறு. ஞானஸ்நானத்தன்றே.

4 மே

இன்னும் வீட்டில் சொல்லவில்லை. என்ன மாதிரி அம்மா நான்?

13 மே, திங்கள்

காய்ச்சல். முப்பத்தெட்டரை. மாமியார் தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்த்து, கண்ணேறு என்றார். மருத்துவர் பல் முளைக்கிறது என்றார். நான் இரண்டையும் நம்பினேன். கழுத்தில் நீலமணியும் கட்டினேன், மருந்தும் கொடுத்தேன். குழந்தை அழுதால் பசியா வலியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் செத்தவனின் கை மட்டும் நன்றாகத் தெரிகிறது. இது என்ன படிப்பு!

15 மே

காய்ச்சல் விட்டது. கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. பல்!

பத்தொன்பதாம் தேதி கலயத்தைப் பிரிக்கிறார்கள், கோயிலுக்கு வரமுடியாது என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். என் கணவர் ஆரிஸ், கணக்கு வாத்தியார், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “தப்பாப் போக எவ்வளவு வாய்ப்பு?” என்றார்.

“இல்லவே இல்லை.”

மாமியார் வெடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க ஊர்ல பெத்தவ கோயிலுக்கே வரமாட்டா. வீட்ல இருப்பா. பேர் அவளைத் தேடி ஓடி வரும். நீ எங்க இருந்தா என்ன? பானைக்கிட்டயே இரு. பேருக்குக் கால் இருக்கு.”

“அத்தை, உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“இருக்கு. பல் முளைச்ச பிள்ளையை விட்டுட்டுப் போறியேன்னு கோபம். ஆனா அந்தப் பெரியவரு மூக்கை உடைக்காம வந்தா இன்னும் கோபம் வரும்.”

19 மே, ஞாயிறு

இன்றே எழுதியாக வேண்டும்.

ஒட்டியவரே பிரித்தார். பந்தெலிஸ், அறுபது வயது. பசை வெந்நீருக்கு இளகியது. சுண்ணத்தை மரக்கத்தியால் சுரண்டிக்கொண்டே முணுமுணுத்தார்: “தலையில்லாதவனைப் பார்க்க யாரு வருவா? ஒரு தலை கிடந்துச்சு, அளவும் சரியா இருந்துச்சு...”

“பந்தெலிஸ்!” என்றார் கலனாகோஸ்.

“அன்னிக்கு நீங்க கேக்கலை ஐயா. நான் சொல்லலை.”

தலை இருந்தது உள்ளங்கை அளவு துண்டு. கடைசிச் சுண்ணம் உதிர்ந்தது. உள்ளே வெறும் செம்மண். குயவனின் விரல் ஓடிய வரிகூடச் சுற்றிச்சுற்றித் தெரிந்தது. மெருகு ஒரு சொட்டு இல்லை.

நான் முன்பே எடுத்து வைத்திருந்த நாற்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஓர் உடைந்த தண்ணீர்க்குடம்; அதில் ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், நடுவில் நிற்பவளுக்குத் தலை இல்லை. வைத்தேன். யாழ்காரனின் தலை பொருந்தியது. பசை கேட்காமல் நின்றது. பக்கத்துப் பெண்ணுக்கும் தூண்டில் முள் காதுதான்.

கலனாகோஸ் கண்ணாடியைக் கழற்றினார். “பதினொரு பக்கம்” என்றார், தனக்குத்தானே. “ஒரு பொம்பளையைப் பார்த்து.”

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். புதுச் சப்பாத்து வழுக்க வழுக்க ஆரிஸ், பின்னால் காவலாளி கத்திக்கொண்டு.

“மரூசோ! மரூசோன்னு வச்சாச்சு!”

தெரிந்த பேர்தான். எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது? பந்தெலிஸ் சுண்ணக் கையோடு எனக்கு வாழ்த்துச் சொன்னார். கலனாகோஸும் சொன்னார், என் பெண்ணுக்கும் குடத்துப் பெண்ணுக்கும் சேர்த்து.

2 ஜூன்

மரூசோ தவழ்ந்தாள். பின்பக்கமாக. இது சரியா?

20 ஜூன், வியாழன்

யாழ்காரன் இப்போது தலையில்லாமல் நிற்கிறான். முன்னைவிடக் கூட்டம். பந்தெலிஸுக்குத்தான் வருத்தம்.

எட்டாம் அறை, கிடங்கு, பெட்டி அலமாரிகள் — மொத்தம் பதினான்கு சாவி, ஒரு இரும்பு வளையத்தில். மேசைமேல் வைத்திருந்தேன். மரூசோ கேட்டு அழுதாள். இப்போது மடியில் உட்கார்ந்து, இரண்டு பல்லாலும் எட்டாம் அறையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். இரண்டு முறை.