புதன்கிழமையின் கடைசி கேஸ்

அக். 13, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வார்டு ஜன்னலில் கண்ணாடி இல்லை, அட்டைதான். தலையணையெல்லாம் காதுச் சீழ். பஞ்சு மாற்ற யாரும் வரவில்லை. நானே மாற்றிக்கொண்டேன்.

நாளைக்கான ஆபரேஷன் லிஸ்ட்டை ஸ்டெல்லா சிஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். காது மூக்கு டாக்டர் திருச்சியிலிருந்து புதன்கிழமை மட்டும்தான் வருகிறார். மதியம் இரண்டரை ரயிலில் திரும்பிவிடுவார். அதற்குள் எத்தனை முடிகிறதோ அத்தனை. என் பெயர் கடைசி. எச்.ஐ.வி. கேஸ் என்றால் கடைசிதான், இங்கே அதுதான் வழக்கம். என்னை அறுத்த பிறகு தியேட்டரைக் கழுவி, புகை போட்டு, மறுநாள் வரை பூட்டி வைக்க வேண்டுமாம். போன புதனும் கடைசி. முறை வரவில்லை.

அட்மிஷனில் உண்மையைச் சொன்ன புத்திசாலி நான். துபாயில் விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள். ஏ.சி. மெக்கானிக் வேலை போச்சு, பெட்டியும் கையுமாக விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டையே இங்கேயும் நீட்டினேன். யோக்கியன் என்று மாலை போடுவார்கள் என நினைத்தேனோ என்னவோ. கக்கூஸ் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள்.

வாங்க வேண்டியது: சோப்பு, பஞ்சு. கிரேஸுக்கு ஒரு போன்.

அக். 14, புதன்

நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி. இரண்டு மணிக்கு சிஸ்டர்: "இன்னைக்கு இல்லைங்க. அடுத்த புதன் பாக்கலாம்."

சின்ன டாக்டர் எட்ட நின்று விளக்கினார். "சீழ் எலும்ப அரிச்சுக்கிட்டு உள்ள போகுது. அடுத்தது முக நரம்பு, அதுக்கப்புறம் மூளை. சீக்கிரம் பண்ணிடணும்." என்னிடம் எதற்குச் சொல்கிறார்? நானா வேண்டாம் என்றேன்?

சாப்பாட்டுக்காரம்மா சாம்பாரை ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினாள். பழகிய கை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கிரேஸுக்குப் போன். ஒரத்தநாட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் டெஸ்டில் ஒன்றும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மாமியார்தான் எடுத்தார். "வயல்ல தண்ணி நிக்குது, யாரும் வர்றதுக்கில்ல" என்று வைத்துவிட்டார். கிரேஸுக்கு ஏது வயல் வேலை.

அக். 17, சனி

பக்கத்துக் கட்டிலுக்குப் புது ஆள். கலியமூர்த்தி, பட்டுக்கோட்டை, தேங்காய் லாரி ஓட்டுகிறான். மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது, வாயால்தான் மூச்சு. கூட மனைவி சரோஜா. நல்ல பெண். ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிவந்து எனக்கும் ஊற்றினாள். என் வியாதி என்ன என்று வார்டு ஆயா காதில் ஓதிய பிறகும் ஊற்றினாள்.

"உங்க வீட்ல யாரும் வரலையாண்ணே?"

"வயல்ல தண்ணி நிக்குதாம்."

கலியமூர்த்தி பேசும் குரல் எங்கேயோ கேட்ட குரல். மூக்கு அடைத்து, பானைக்குள் இருந்து பேசுவது போல. சாயந்திரம்தான் உறைத்தது. எய்ட்ஸைக் குணமாக்குகிறேன் என்று கறுப்பு லேகியம் விற்றானே ஒரு வைத்தியன், அவன் வீட்டு வாசல். எல்லாரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவன் இவன். முகத்தை மறைத்தான், குரலை எங்கே மறைப்பது.

கை கழுவும் இடத்தில் அவனே வந்தான். "அண்ணே, அங்க பாத்தது அங்கயே இருக்கட்டும். அவளுக்குத் தெரியாது."

"இங்க ரத்த டெஸ்ட் கேட்டாங்களே?"

"வெளி லேப்ல எடுத்தேண்ணே. தம்பி கைய நீட்டுனான், எம் பேர எழுதிக் குடுத்துட்டாங்க."

சிரித்தேன். எனக்குத் தோன்றவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான்.

அக். 20, செவ்வாய்

தலைவலி. இடது காதுக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம். லிஸ்ட் ஒட்டியாகிவிட்டது. முதல் பெயர் கலியமூர்த்தி. கடைசி நான்.

சரோஜா பிள்ளையாருக்குச் சிதறுகாய் வேண்டிக்கொண்டாளாம், எனக்கும் சேர்த்து. டீயைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக். 21, புதன்

எழுதிவிடுகிறேன்.

காலையில் முதல் ஆளாக அவன் போனான், மூக்கில் பஞ்சு அடைத்துத் திரும்பினான். அடுத்தவர் போனார், வந்தார். அடுத்தவரும். நான் பட்டினி. ஒரு மணிக்கு சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்த பார்வை தெரிந்த பார்வை. இன்றும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு சிஸ்டரிடம் கத்தினேன்.

"கடைசி, கடைசின்னு என்னை ஏன் வைக்கிறீங்க? தியேட்டர் காலையிலயே கெட்டாச்சு. முதல் கேஸும் என்னை மாதிரிதான். கேட்டுப் பாருங்க அவன."

இனிக் கழுவிக் காப்பாற்ற என்ன இருக்கிறது, என்னையும் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். சரோஜா அங்கேயே நின்றிருந்தாள், கையில் ஃபிளாஸ்க். அவள் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஓடினார்கள். தியேட்டரைப் பூட்டினார்கள். பிளீச்சிங் பவுடர் நாற்றம் வார்டு வரை. எல்லா ஆபரேஷனும் ரத்து.

அப்புறம் ஸ்டெல்லா சிஸ்டர் வந்து, கோபம்கூட இல்லாமல் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி ஒரே ஒரு கேஸ்தாங்க இருந்துச்சு. ரயில் போனாப் போகுது, இவரை முடிச்சிட்டு பஸ்ல போறேன்னு டாக்டர் சொல்லியிருந்தார்."

அக். 22, வியாழன்

வாய் கொப்பளித்தேன், தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. இடது கண் மூடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், முகத்தில் பாதி தொங்குகிறது.

சின்ன டாக்டர்: "நரம்பு போயிடுச்சு. சொன்னேன்ல."

டீ இல்லை.

அக். 24, சனி

வெயில். சரோஜாவுக்கு ரத்தம் எடுத்தார்களாம். முடிவு என்ன என்று எனக்கு யார் சொல்வார்கள். மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என் கட்டிலருகே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எனக்கு மட்டும் தனியா சொல்லியிருக்கலாமேண்ணே."

பதில் சொல்ல வாய் கோணியது.

பேர் மாற்றி ரத்தம் கொடுத்ததற்காகக் கலியமூர்த்தியின் தம்பியை ஆபீஸ் ரூமில் வைத்து அறைந்ததாக ஆயா சொன்னாள். அவளுக்கு ஒரே குஷி.

அக். 26, திங்கள்

கலியமூர்த்திக்குப் பஞ்சை எடுத்ததும் ரத்தம். நிற்கவில்லை. தொட ஆள் இல்லை, கையுறை தீர்ந்துவிட்டது என்கிறார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் வந்து மறுபடி அடைத்துவிட்டுப் போனார். அவன் கட்டிலையும் கக்கூஸ் பக்கம் நகர்த்திவிட்டார்கள். இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு வாளிதான். அவன் அதில் துப்புகிறான். நானும்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வரவில்லை.

அக். 27, செவ்வாய்

லிஸ்ட். கடைசிக்கு முன்னால் கலியமூர்த்தி. கடைசி நான்.

"சிஸ்டர், எனக்கு மூஞ்சியே போச்சு. அடுத்தது மூளைன்னாங்க. இவனுக்கு முன்னாடி என்னைப் போடக் கூடாதா?"

"அவருக்கு ரத்தம் நிக்கலைங்க. அவரைத்தான் முதல்ல பாக்கணும்."

நியாயம்தான். அதனால்தான் வயிறு எரிகிறது.

அக். 28, புதன்

மழை. பட்டினி. காய்ச்சல், கழுத்து வளையவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன், டாக்டரிடம் சொல்கிறேன் என்றார்.

மற்ற கேஸ் எல்லாம் முடிந்து, கலியமூர்த்தியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். சட்டையெல்லாம் ரத்தம். இத்தனை நாளாக என்னோடு பேசாதவன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"டாக்டர்ட்ட அவசரமில்லாம மெதுவாவே பாக்கச் சொல்றேண்ணே."

சிரித்துவைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு பக்கம்தான் வந்தது.

மணி ஒன்றே முக்கால். தியேட்டர் கதவு இன்னும் திறக்கவில்லை. வாசலில் டாக்டரின் பெட்டியை ஆட்டோவில் வைக்கிறார்கள்.